கல்யாண வேலைக்கு எந்த ஃப்ளாஷ்?

மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, அடுத்த இரண்டு முடிச்சுகளையும் நாத்தனார் போடுவது பல குடும்பங்களின் வழக்கம். கெட்டி மேளம் தொடங்கியது முதல் அட்சதை விழுந்து ஓய்வது வரை பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் ஆவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் படமெடுக்கப் போன ஒரு முகூர்த்தத்தில் முதல் முடிச்சின் படம் மட்டும் நன்றாக விழுந்தது. இரண்டாவது முடிச்சுக்கு ஷட்டர் அடித்தது, ஃப்ளாஷ் அடிக்கவில்லை. திரையில் பார்த்தால் ஹோமப் புகைக்குப் பின்னே கருநிழலாக நான்கைந்து தலைகள். மூன்றாவதற்கும் அதே கதி. ஃப்ளாஷின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. முந்தின இரவு வரவேற்பில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்த நான்கு டபுள்-ஏ செல்களை மாற்றாமல் காலையில் மேடை ஏறியது நான்தான். ஆனால் அந்த இரண்டு கறுப்புப் படங்களுக்குப் பிறகுதான், ஃப்ளாஷ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதில் என் கணக்கு மாறியது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை இப்போதெல்லாம் நான் கடைசியில்தான் பார்க்கிறேன்.

மாலையில் வரவேற்பும் மறுநாள் விடியலில் முகூர்த்தமும் நடக்கும் நம் ஊர் மண்டபக் கல்யாணத்தை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். வாங்க நினைப்பவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. கேமரா நிறுவனமே தயாரிக்கும் உயர்நிலை ஃப்ளாஷ் முதல் வழி, கேனான் இ.எல்-1, நிக்கான் எஸ்.பி.-5000, சோனி எஃப்60 ஆர்.எம்.2 ஆகியவை இதில் வரும். வெளி நிறுவனத்தின் லித்தியம் பேட்டரி ஃப்ளாஷ் இரண்டாவது. கோடாக்ஸ் வி860-இன் மூன்றாம் பதிப்பும் வி1-உம் இங்கே பரவலாகப் புழங்குபவை. அதே நிறுவனத்தின் டி.டி.685, டி.டி.600 போல டபுள்-ஏ செல்லில் ஓடுபவை மூன்றாவது. கேமராவின் தலையில் உட்காராமல் ஸ்டாண்டில் நிற்கும் ஏ.டி.200 போன்ற சற்றே பெரிய விளக்கு நான்காவது. ஃப்ளாஷே இல்லாமல் எடுப்பது என ஐந்தாவதாகவும் ஒரு வழியை, போஸ் கொடுக்க வைக்காமல் இயல்பாகப் படமெடுக்கும் இன்றைய கேன்டிட் நண்பர்கள் சொல்வார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்தப் பெரிய எண். வழிகாட்டி எண் என்று நூல்களும் கைடு நம்பர் என்று கடைக்காரர்களும் சொல்வது, கேமராவின் ஒளி உணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 100-இல் இருக்கும்போது ஆளுக்கும் ஃப்ளாஷுக்கும் இடையிலான தூரத்தை லென்ஸ் திறப்பின் எஃப் எண்ணால் பெருக்கினால் வரும் தொகை. மேலே சொன்ன ஃப்ளாஷ்களில் பெரும்பாலானவற்றின் பெட்டியில் 60 என்றே போட்டிருக்கும். விலை நான்கு மடங்கு கூடினாலும் இந்த எண் கூடாது. அதோடு, இது ஃப்ளாஷின் தலையை 200 மி.மீ. வரை, அதாவது தொலைவு லென்ஸ் பார்க்கும் அளவுக்கு ஒளியைக் குறுக்கி வைத்து அளந்த எண். நிக்கான் தன் எஸ்.பி.-5000-க்கு இரண்டையும் வெளிப்படையாகச் சொல்கிறது: 200 மி.மீ.யில் 55, 35 மி.மீ.யில் 34.5. மேடையில் நாம் வேலை செய்வது பெரும்பாலும் இரண்டாவது எண்ணோடுதான்.

அதை வைத்து ஒரு மண்டபத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கூரை 20 அடி உயரம். கேமரா தரையிலிருந்து 5 அடியில் இருக்கிறது. ஃப்ளாஷை மேலே திருப்பி பவுன்ஸ் செய்தால் ஒளி 15 அடி ஏறி, 15 அடி இறங்கி, சாய்வாகப் போவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 10 மீட்டர் பயணம் செய்து முகத்தில் விழுகிறது. ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு ஏற்றினால் வழிகாட்டி எண் நான்கு மடங்காகி 138 ஆகும். அதைப் பத்தால் வகுத்தால் எஃப் 14. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளைக் கூரைகூட ஒளியை உறிஞ்சியும் சிதறடித்தும் இரண்டு மூன்று ஸ்டாப்பை (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) தின்றுவிடும் என்பதால் கையில் மிஞ்சுவது எஃப் 5-க்கும் எஃப் 7-க்கும் இடையில்தான். எஃப் 4-இல் எடுப்பவர் ஒவ்வொரு படத்துக்கும் ஃப்ளாஷின் முழுத் திறனில் பாதியை ஒட்டிச் செலவழிக்கிறார் என்பது இதன் பொருள். கூரையில் சிவப்புத் துணி கட்டிய பந்தல் என்றால் திரும்பி வரும் ஒளியும் சிவப்பாக வரும். கோயில் மண்டபத்தின் எண்ணெய்ப் புகை படிந்த கருங்கல் கூரை என்றால் எதுவுமே திரும்பி வராது. அந்த இடங்களில் எந்த நிறுவனத்தின் 60-உம் உதவாது, ஸ்டாண்டில் ஒரு குடையை விரிப்பது ஒன்றே வழி.

ஒவ்வொரு படத்துக்கும் பாதித் திறன் என்று ஆன பிறகு முக்கியமாவது, அடித்த ஃப்ளாஷ் அடுத்த அடிக்கு எத்தனை நேரத்தில் தயாராகிறது என்பது. ரீசைக்கிள் என்று நாம் சொல்லும் இந்த நேரம் முழுத் திறனில் கேனான் இ.எல்-1-க்கு 0.9 விநாடி, கோடாக்ஸ் வி860 மூன்றாம் பதிப்புக்கும் வி1-க்கும் 1.5 விநாடி, சோனி எஃப்60 ஆர்.எம்.2-க்கு நல்ல ரீசார்ஜ் செல்கள் போட்டால் 1.7 விநாடி, எஸ்.பி.-5000-க்கும் டி.டி.685-க்கும் அதே வகைச் செல்களில் 2.6 விநாடி. பாதித் திறனில் இவை ஏறக்குறைய பாதியாகும். காகிதத்தில் 0.7 விநாடிக்கும் 1.3 விநாடிக்கும் பெரிய வேற்றுமை தெரியாது. ஆனால் 1.3 விநாடி என்பது புதிதாகச் சார்ஜ் ஏற்றிய செல்களின் கணக்கு. நூறு படங்கள் தாண்டினால் அது இரண்டாகவும் மூன்றாகவும் நீளும், சாதாரண ஆல்கலைன் செல்லாக இருந்தால் இன்னும் சீக்கிரம் நீளும். லித்தியம் பேட்டரியோ கடைசி வரை ஏறக்குறைய ஒரே வேகத்தில் கொடுத்துவிட்டு, முடியும்போது சட்டென்று நின்றுவிடும். திரையில் பேட்டரி அளவு தெரிவதால் அந்த முடிவை முன்கூட்டியே பார்த்து மாற்றிக்கொள்ளலாம். நாத்தனார் முடிச்சுப் போட்ட என் இரண்டு படங்களையும் கெடுத்தது இந்த வேற்றுமைதான்.

வரவேற்பு வேறு வகைச் சோதனை. அங்கே அவசரம் இல்லை, ஆனால் ஓய்வும் இல்லை. முந்நூறு குடும்பங்கள் வரிசையில் வந்து, மொய் உறையைக் கொடுத்து, இரண்டு பக்கமும் நின்று சிரித்துவிட்டு இறங்குகின்றன; யாராவது கண்ணை மூடியிருப்பார்கள் என்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு படமாவது எடுக்க வேண்டும். இரண்டரை மணி நேரத்தில் அறுநூறு அடி. வி860 மூன்றாம் பதிப்பு ஒரு சார்ஜில் 480 முழுத்திறன் அடிகளைத் தரும் என்று நிறுவனம் சொல்கிறது, இ.எல்-1 தருவது 335, டி.டி.685, 2500 எம்.ஏ.ஹெச். செல்களோடு 230. பாதித் திறனில் இவற்றை ஏறக்குறைய இரட்டித்துக் கொள்ளலாம் என்றாலும் பேட்டரி பழசாகும், மண்டபம் சூடாகும். ஆகவே லித்தியம் என்றால் கூடுதலாக ஒரு பேட்டரி, டபுள்-ஏ என்றால் கூடுதலாக இரண்டு செட், அதாவது எட்டுச் செல்கள், பையில் இல்லாமல் மேடை ஏறுவது வீண் துணிச்சல். எட்டுச் செல்களில் எது தீர்ந்தது, எது தீராதது என்பதை இருட்டில் பிரித்தறிவது எவ்வளவு பாடு என்பது அந்த வேலையைச் செய்த அசிஸ்டன்ட்டுக்குத் தெரியும்.

சூடு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முழுத் திறனில் தொடர்ந்து முப்பது அடிக்கு மேல் போகாமல் பத்து நிமிடம் ஓய்வு கொடுக்கும்படி வி860 வகையின் கையேடே எச்சரிக்கிறது. மீறினால் உள்ளிருக்கும் வெப்பப் பாதுகாப்பு இடையே புகுந்து ரீசைக்கிள் நேரத்தை இழுத்துவிடும். கேனான் இ.எல்-1, நிக்கான் எஸ்.பி.-5000 ஆகியவற்றின் கூடுதல் விலைக்கு நான் ஒப்புக்கொள்ளும் முதல் காரணம் இதுதான்: இரண்டிலும் தலையைக் குளிரவைக்கும் அமைப்பு உள்ளேயே இருக்கிறது. குளிர்சாதனம் இல்லாத மண்டபத்தில், சித்திரை வைகாசியில், மேடை விளக்குகளின் அனல் முகத்தில் அடிக்க வேலை செய்பவருக்கு அது வெறும் விளம்பர வரி இல்லை. இ.எல்-1-இல் மழைக்கும் தூசுக்கும் தடுப்பு இருப்பது இரண்டாவது காரணம். அதற்கு மேல் மூன்றாவது காரணத்தைத் தேடினால் எனக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஒரு இ.எல்-1 விலையில் வி860 போன்ற ஃப்ளாஷ் மூன்று நான்கு வாங்கலாம் என்னும்போது, ஒன்று கீழே விழுந்தால் இன்னொன்றை எடுத்து மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர முடியும் என்பதே எனக்குப் பெரிய பாதுகாப்பாகத் தோன்றுகிறது. மண்டபத்தில் ஃப்ளாஷ் கீழே விழும், குழந்தைகள் ஸ்டாண்டில் இடித்துவிட்டு ஓடுவார்கள். அதைத் தவிர்க்க முடியாது.

குழுவாக வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. இன்று ஒரு கல்யாணத்தில் மேடைப் படங்களுக்கு ஒருவர், கேன்டிடுக்கு ஒருவர், வீடியோவுக்கு இருவர் என்று போகிறோம்; ஒருவர் கையில் கேனான், இன்னொருவர் கையில் சோனி. கேமரா நிறுவனத்தின் ஃப்ளாஷ் தன் குடும்பத்தோடு மட்டுமே பேசும். கேனான் 2012-இல் 600இ.எக்ஸ்-ஆர்.டி.யில் ரேடியோ இணைப்பைக் கொண்டுவந்தது, நிக்கான் 2016-இல் எஸ்.பி.-5000-இல் அதைச் செய்தது. ஒன்றின் டிரிகருக்கு, அதாவது கேமராவில் மாட்டித் தொலைவிலிருக்கும் ஃப்ளாஷை அடிக்க வைக்கும் கருவிக்கு, மற்றதன் ஃப்ளாஷ் செவிசாய்க்காது. கோடாக்ஸின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ முறையிலோ, ஸ்டாண்டில் நிற்கும் ஃப்ளாஷ் எந்தக் கேமராவுக்கான வகையாக இருந்தாலும், அவரவர் கேமராவுக்குரிய டிரிகரை மாட்டி அதையே இருவரும் மாறி மாறி அடிக்கலாம். மேடையின் இரு பக்கமும் நிரந்தரமாக நிற்கும் இரண்டு விளக்குகளைக் குழு முழுவதும் பகிர்ந்துகொள்வது இதனால்தான் முடிகிறது. இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது: பெண் வீட்டார் ஒரு குழுவையும் மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு குழுவையும் அழைத்து வந்து, இரு தரப்பும் வாங்கிய நாள் முதல் மாற்றாத ஒரே சானலில் இருந்தால், அவர்கள் ஷட்டரை அழுத்தும்போதெல்லாம் உங்கள் விளக்கும் சேர்ந்து அடித்து உங்கள் பேட்டரியைக் குடிக்கும். மேடை ஏறும் முன் சானலோடு ஐ.டி. எண்ணையும் மாற்றி வைப்பது இரண்டு நிமிட வேலை. பழைய முறையில், பிற ஃப்ளாஷின் ஒளியைக் கண்டு அடிக்கும் ஸ்லேவ் கண்ணை நம்புவதாக இருந்தால், சித்தப்பாவின் பாக்கெட் கேமராகூட உங்கள் விளக்கை அடித்துவிடும்.

டி.டி.எல். என்கிற தானியங்கி அளவீடு கட்டாயம் வேண்டுமா என்று புதிதாக வருபவர்கள் கேட்கிறார்கள். மேடையில் வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆள்கள் நிற்கும் இடமும் விளக்கு நிற்கும் இடமும் மாறாத வரவேற்பில், ஒரு தடவை கையால் அளவு வைத்துவிட்டால் இரவு முழுவதும் ஒரே சீராக வரும். டி.டி.எல்.லோ வெள்ளை வேட்டி சட்டையில் நான்கு பேர் ஏறியதும் ஒளியைக் குறைக்கும், கறுப்புக் கோட்டில் நால்வர் வந்ததும் கூட்டும். பட்டின் சரிகையும் நெற்றிச்சுட்டியும் திருப்பி அடிக்கும் ஒளியில் ஏமாந்து மணப்பெண்ணின் முகத்தை இருட்டாக்கவும் செய்யும். முகூர்த்தத்திலும் மாப்பிள்ளை அழைப்பிலும் கதை வேறு. தூரம் விநாடிக்கு விநாடி மாறும்போது கையால் திருகிக்கொண்டிருக்க முடியாது என்பதால் கேமராவின் மேல் இருக்கும் ஃப்ளாஷில் டி.டி.எல். அவசியம். ஆகவே டி.டி.600 போன்ற, கையால் மட்டுமே அளவு வைக்கக்கூடிய மலிவான ஃப்ளாஷ், ஸ்டாண்டில் நிற்க நல்ல தேர்வு. ஒரே ஃப்ளாஷாக வாங்குவதற்கு மோசமான தேர்வு.

வட்டத் தலையா, சதுரத் தலையா என்பதில் கடைகளில் நடக்கும் விவாதத்துக்கு நான் அதிக நேரம் கொடுப்பதில்லை. வி1-இன் வட்டத் தலை நேராக அடிக்கும்போது ஓரங்களில் மென்மையாகக் குறையும், காந்தத்தில் ஒட்டும் துணைக்கருவிகள் வசதியானவை. கூரையில் பட்டுத் திரும்பிய ஒளியில் இந்த வேற்றுமை கரைந்துவிடும். வட்டத் தலை 105 மி.மீ. வரைதான் குறுகும், வி860 200 மி.மீ. வரை குறுகும் என்பதால், உயரமான கூரையின் ஒரு புள்ளியைக் குறிவைத்து அடிப்பவருக்குச் சதுரத் தலையே மேல்.

வாங்கும் முன் கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவை ஒரு தடவை குனிந்து பாருங்கள். கேனான் 200டி-யின் இரண்டாம் பதிப்பிலும் 3000டி-யிலும் நடுவில் இருக்கும் பெரிய தொடர்புப் புள்ளி இல்லை. அந்தப் புள்ளியை மட்டுமே நம்பும் டிரிகரோ கைமுறை ஃப்ளாஷோ அவற்றில் வேலை செய்யாது. கேனானின் இ.எல்-5 ஃப்ளாஷோ ஆர்3, ஆர்6 இரண்டாம் பதிப்பு போன்ற புதிய பல்பயன் ஷூ உள்ள கேமராக்களில் மட்டுமே பொருந்தும், பழைய ஆர்6-இல் உட்காராது. ஸ்டூடியோ அலமாரியில் தாத்தா காலத்து ஃப்ளாஷ் கிடக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். பழைய சில ஃப்ளாஷ்களின் தூண்டு மின்னழுத்தம் 200 வோல்ட்டையும் தாண்டும், அது டிஜிட்டல் கேமராவின் உள்ளே புகுந்தால் மிச்சமாவது பழுதுச் செலவு மட்டும்தான்.

இனி அந்த ஐந்தாவது வழி. இன்றைய கேமராக்கள் ஐ.எஸ்.ஓ. 6400-இலும் தெளிவாக எடுக்கின்றன, வீடியோக்காரர்களின் எல்.இ.டி. விளக்குகள் மேடையில் எப்போதும் எரிகின்றன, பிறகு ஃப்ளாஷ் எதற்கு என்று கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. மெஹந்தி இரவு, மணப்பெண் ஜன்னலோரம் அலங்கரித்துக்கொள்ளும் நேரம் ஆகியவற்றை நானும் ஃப்ளாஷ் இல்லாமல்தான் எடுக்கிறேன். மேடையில் மட்டும் இதை நம்ப முடிவதில்லை. அலங்காரக்காரர் வைக்கும் ஊதா, பச்சை பார் விளக்குகள் முகத்தின் பாதியில் ஒரு நிறமும் மீதியில் இன்னொரு நிறமும் பூசிவிடும்; அதைப் பிறகு கணினியில் சரிசெய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சேலையின் நிறம் வந்தால் முகம் வராது, முகம் வந்தால் சேலை போய்விடும். அந்த நிறங்களை அடக்கி மேலோங்கும் வெள்ளை ஒளி வேண்டும், அதைத் தருவது ஃப்ளாஷ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் விநாடிக்கு நூறு முறை துடிக்கும். ஃப்ளாஷோடு எடுக்கும்போது ஷட்டரை 1/200-இல் வைக்காமல் 1/100-க்கு இறக்கினால் பின்னணியில் கோடுகள் விழுவது பெரும்பாலும் நின்றுவிடும். மஞ்சள் விளக்கு மிகுந்த பழைய மண்டபமாக இருந்தால் ஃப்ளாஷ் முகப்பில் ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டி இரண்டு நிறங்களையும் நெருங்கச் செய்யலாம். தாளின் விலை ஒரு சாப்பாட்டு விலைகூட வராது.

வெளிப்புறப் படப்பிடிப்பைப் பொறுத்தவரை, பகல் வெயிலில் ஷட்டரை 1/200-க்கு மேல் ஏற்ற, வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் அடிக்க உதவும் ஹெச்.எஸ்.எஸ். முறைக்குப் போனதும் சிறிய ஃப்ளாஷின் ஒளி ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் சரிந்துவிடும். அங்கே 76 வாட்-விநாடித் திறனுள்ள வி1 மூச்சு வாங்கும். 200 வாட்-விநாடி கொண்ட ஏ.டி.200 ஒன்றரை ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் ஒளி தந்து, ஒரு சாஃப்ட்பாக்ஸுக்குள் இருந்தும் முகத்தை நிரப்பும். அதே விளக்கைக் குடைக்குள் வைத்து வரவேற்பு மேடையோரம் நிறுத்தினால் பாதித் திறனைக்கூடத் தொட வேண்டியதில்லை, சூடும் ஏறாது. கேமரா மேல் மாட்ட இயலாததால் அதை முதல் ஃப்ளாஷாக யாருக்கும் சொல்வதில்லை.

ஆகவே தனியாகத் தொழில் தொடங்குபவருக்கு நான் சொல்வது லித்தியம் பேட்டரி கொண்ட வி860 மூன்றாம் பதிப்பு ஒன்று, கூடுதல் பேட்டரி ஒன்று, ஸ்டாண்டுக்கு டி.டி.600 ஒன்று, அதை அடிக்க ஒரு டிரிகர். இரண்டாவது வருடத்தில் டி.டி.600-க்கு ஓய்வு கொடுத்து ஏ.டி.200-க்கு மாறலாம். மாதத்துக்கு ஒரு காதுகுத்து, ஒரு பிறந்தநாள் என்று பகுதிநேரமாக எடுப்பவருக்கு டி.டி.685-உம் நல்ல ரீசார்ஜ் செல்கள் எட்டும் போதும். பயன்படுத்தாமல் வீட்டில் கிடக்கும் லித்தியம் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் உப்பிவிடக்கூடும், செல்களோ எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் அவசரத்துக்குக் கிடைக்கும். கேமரா நிறுவனத்தின் ஃப்ளாஷை, ஒரே நிறுவனக் கேமராக்களோடு நாள்தோறும் வேலை செய்து, மழையிலும் வெயிலிலும் திறந்தவெளி நிகழ்ச்சிகளை எடுப்பவருக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவையே கொண்டுபோங்கள். ஃப்ளாஷை மாட்டி, பூட்டை இறுக்கி, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அதே வகையில் வேறொன்றைக் கேளுங்கள். பிறகு பாதித் திறனில் வைத்துக் கூரையை நோக்கி, லித்தியம் ஃப்ளாஷ் என்றால் விநாடிக்கு ஒன்றாக, டபுள்-ஏ என்றால் சற்று நிதானமாக, இருபது தடவை விடாமல் அடியுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. இருபது படங்களையும் திரையில் ஓட்டிப் பார்த்து, பதினேழாவதும் பதினெட்டாவதும் முதல் படம் அளவுக்கு வெளிச்சமாக இருந்தால் பில் போடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பேட்டரியின் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். இரண்டாவது பேட்டரியை எப்போது மாற்ற வேண்டும் என்று இரண்டு ஆண்டு கழித்துக் கேள்வி எழும்போது, அந்த டேப் ஒன்றில்தான் பதில் இருக்கும்.